சிக்னலில் ஆர்எக்ஸ் 100 ஏன் முந்துகிறது? பிக்கப்பின் கணக்கு

யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்தில் எந்தப் புது வண்டி வந்து நின்றாலும் சரி, பச்சை விழுந்ததும் முதல் முப்பது மீட்டர் தங்களுடையதுதான் என்பார்கள். 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன, வெறும் 98 சிசி வண்டி அது. இன்றைய 155 சிசி, ஆறு கியர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை அது எப்படி முந்தும்?

சில சமயம் முந்தத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பழைய வண்டியின் மகிமை மட்டும் காரணமில்லை. பக்கத்து வண்டிக்காரர் தன் இன்ஜினை எந்த வேகத்தில் சுழலவிட்டுக் கிளம்புகிறார் என்பதில்தான் பாதிக் காரணம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, ‘பிக்கப்’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும், நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும் திறனைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டார்க், பவர், எடை

வண்டியை முன்னே தள்ளுவது பின் டயர் தரையை உதைக்கும் விசை. அந்த விசை இன்ஜினின் டார்க்கிலிருந்து, அதாவது அதன் முறுக்கு விசையிலிருந்து வருகிறது, ஆனால் நேரடியாக வருவதில்லை. கிளட்சுக்கு முன்னால் உள்ள பிரைமரி கியர், கியர் பாக்ஸ், செயின் ஸ்ப்ராக்கெட் என்று மூன்று இடங்களில் சுழற்சி வேகம் குறைந்து, அந்த அளவுக்கு டார்க் பெருகி, கடைசியில்தான் டயருக்குப் போகிறது. அதனால் ‘என் வண்டியில் டார்க் அதிகம்’ என்று சொல்வது மட்டும் போதாது. எத்தனை மடங்கு பெருகிப் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐப் பாருங்கள். 2021 வரை வந்த அந்த 346 சிசி இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) 28 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது. ஆர்எக்ஸ் 100 கொடுப்பது 6,500 ஆர்பிஎம்மில் 10.4 மட்டுமே. டார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆர்எக்ஸ் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. ஆனால் கிளாசிக்கின் இன்ஜின் ஐயாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மிலேயே களைத்துவிடும். அந்தக் குறைந்த சுழற்சியில் ஓட்டத்தக்க வேகம் கிடைக்க வேண்டுமென்றால் கியர்களை நீளமாக, அதாவது இன்ஜினின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் அதிகம் சுற்றும்படி வைத்தாக வேண்டும். நீளமான கியரில் டார்க் அவ்வளவாகப் பெருகாது. ஆர்எக்ஸ் இன்ஜின் வேகமாகச் சுற்றும், கியர் குட்டையாக இருக்கும், சின்ன டார்க் பல மடங்கு பெருகும்.

இந்தக் குழப்பத்தைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. அந்தக் கணத்தில் இன்ஜின் தரும் பவர் எவ்வளவு, அது எத்தனை கிலோவை நகர்த்த வேண்டும் என்று மட்டும் பாருங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் ஏறக்குறைய வந்துவிடும். விளம்பரத்தில் போடும் உச்ச எண் எப்போதோ ஒருமுறை கிடைப்பது. சிக்னலில் வேலை செய்வது இந்தக் கணத்துப் பவர்தான்.

ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆர்எக்ஸ் 100-இன் எடை சுமார் 100 கிலோ. ஆளோடு 165. உச்ச பவர் 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். ஆக ஒரு குதிரைக்கு 15 கிலோ. பக்கத்தில் நிற்பது யமஹா ஆர்15 நான்காம் பதிப்பு என்றால் வண்டி 141 கிலோ, ஆளோடு 206. உச்ச பவர் 10,000 ஆர்பிஎம்மில் 18.4. ஒரு குதிரைக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். காகிதத்தில் ஆர்15 தெளிவாக முன்னால் நிற்கிறது.

இப்போது ஆர்15-ஐ ஓட்டுபவர் தினமும் ஆபீஸ் போவதுபோலவே கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் 4,000-ஐத் தொடும்போது கிளட்சை விட்டுவிடுகிறார். ஆர்15-இன் உச்ச டார்க் 7,500 ஆர்பிஎம்மில் 14.2 நியூட்டன் மீட்டர். 4,000-இல் அது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தாராளமாக முழு 14.2-ஐயும் கொடுத்துக் கணக்கிட்டாலும் கிடைப்பது 8.1 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 25 கிலோ ஆகிவிட்டது. அதே நேரத்தில் ஆர்எக்ஸ் தன் 6,500-இல் இருந்தால் அதனிடம் 9.6 குதிரைத்திறன் இருக்கும். ஒரு குதிரைக்கு 17 கிலோ. 18 குதிரைத்திறன் வண்டி தோற்பது இப்படித்தான். அதன் பவரில் பாதிக்கு மேல் இன்ஜினுக்குள்ளேயே பயன்படாமல் கிடக்கிறது.

ஆர்15 ஓட்டுபவர் 8,000-ஐத் தொட்டுக்கொண்டு கிளம்பினால் கதையே வேறு. ஆனால் நகரத்தில் யார் அப்படிக் கிளம்புகிறார்கள்? நின்ற இடத்தில் 8,000 ஆர்பிஎம்மின் சத்தம் காதுக்கு மிரட்டலாக இருக்கும். பெட்ரோல் சிக்கனமும் தினசரிப் பழக்கமும் கையைச் சீக்கிரமே அடுத்த கியருக்குத் தள்ளும். ஆர்எக்ஸில் டாக்கோமீட்டரே கிடையாது. லேசாக முறுக்கினாலும் இன்ஜின் கண்ணிமைக்கும் நேரத்தில் தன் பவர் இருக்கும் இடத்துக்கு ஏறி நின்றுவிடும். ஓட்டுபவரின் கை இயல்பாகப் போகும் இடமும் இன்ஜினின் பவர் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதே அந்த வண்டியின் உண்மையான பலம்.

கேடிஎம் 390 டியூக் வந்து நின்றால் இந்தக் கணக்கு எடுபடாது. 43 குதிரைத்திறனுக்கு மேல், ஆளோடு சேர்த்து சுமார் 230 கிலோ. ஒரு குதிரைக்கு 5 கிலோ சொச்சம். அவர் தூங்கினால் ஒழிய ஆர்எக்ஸுக்கு வாய்ப்பே இல்லை.

டூ ஸ்ட்ரோக் தரும் வேகம்

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை பிளக் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை. அப்படியானால் 98 சிசி என்பது 196 சிசிக்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவையில் ஒரு பகுதி, எரிந்த புகையோடு சேர்ந்து எக்ஸாஸ்ட் வழியே வெளியே போய்விடுகிறது. இந்த இழப்புதான் மைலேஜையும் குறைத்தது, மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இந்த வகை வண்டிகளைச் சந்தையிலிருந்து விரட்டவும் செய்தது.

ஒரு சிசிக்கு எவ்வளவு பவர் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆர்எக்ஸில் 0.112 குதிரைத்திறன், ஆர்15-இல் 0.119. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் எட்டிப்பிடித்துவிட்டது. ஆனால் அந்த அளவை எட்ட அது 10,000 வரை சுற்ற வேண்டும். ஆர்எக்ஸுக்கு 7,500 போதும்.

இன்னொன்று, சுழலும் பாகங்களின் எடை. ஆர்எக்ஸில் கேம் ஷாஃப்ட் இல்லை, வால்வு ஸ்பிரிங் இல்லை, டைமிங் செயின் இல்லை. முறுக்கியதும் இன்ஜின் எகிறுகிறது. பின் டயர் 2.75-18, முன் டயர் 2.50-18, இரண்டும் ஒல்லியானவை. ஆர்15-இன் பின் டயர் 140 பிரிவு. வண்டியோடு சேர்த்துச் சக்கரத்தையும் சுழற்றித்தான் வேகம் எடுக்க வேண்டும் என்பதால், கனமான டயர் முதல் இரண்டு விநாடிகளில் கொஞ்சம் பவரைத் தின்றுவிடும். புல்லட்டின் கனமான ஃப்ளைவீல் இதற்கு நேர் எதிர். கிளட்சை விடும்போது அது இன்ஜினை அணையவிடாமல் காக்கும். ஆனால் முதல் கியரில் ஆர்பிஎம் ஏற வேண்டிய நேரத்தில் பவரின் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கார்புரேட்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே உள்ள ரீட் வால்வையும் சொல்ல வேண்டும். உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய இதழ்கள் அவை. குறைந்த ஆர்பிஎம்மிலும் இன்ஜின் திணறாமல் இழுப்பதற்கு அவையே காரணம். இதழின் நுனியில் சின்ன உடைப்பு விழுந்தால்கூட கீழ் ஆர்பிஎம் இழுவை செத்துவிடும். ‘வண்டி மேலே நன்றாகப் போகிறது, கிளம்பத்தான் சோம்பல்’ என்ற புகாருக்கு முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் இது. இதழ்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருக்கையோடு ஒட்டாமல் வெளிச்சம் கசிந்தால் மாற்றிவிட வேண்டும்.

0.3 விநாடி

சிக்னலில் ஜெயித்ததாகச் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில் வண்டிக்கு வேலையே இல்லை. இரண்டு வண்டிகளும் ஒரே மாதிரி, விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வேகம் கூடிக்கொண்டு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் போக 3.65 விநாடி ஆகும். ஒருவர் 0.3 விநாடி தாமதமாகக் கிளட்சை விட்டால், முன்னவர் 20 மீட்டரில் இருக்கும்போது பின்னவர் 16.8 மீட்டரில் இருப்பார். இடைவெளி 3 மீட்டருக்கு மேல். ஒன்றரை வண்டி நீளம். பார்ப்பவர்களுக்கு அது படுதோல்வியாகத் தெரியும். ஆனால் இரண்டு இன்ஜின்களுக்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லை.

டிராக் (drag) போட்டிகளில், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் போட்டிகளில், ஓட்டுபவரின் தாமதத்தையும் வண்டியின் ஓட்டத்தையும் தனித்தனியாக அளக்கிறார்கள். விளக்கு மாறியதிலிருந்து வண்டி அசையும் வரை ஆகும் நேரம் ஒரு கணக்கு. முன் சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்ததிலிருந்து முடிவுக்கோடு வரை ஆகும் நேரம் இன்னொரு கணக்கு. வண்டியின் திறனைச் சொல்வது இரண்டாவது. கோட்டை முதலில் தொட்டவருக்கே வெற்றி என்பதால், குறைந்த நேரத்தில் ஓடிய வண்டி தோற்பதும் அங்கே நடக்கும்.

அறுபதுக்கு மேல் என்ன ஆகிறது

முதல் கியர் முடிந்ததும் ஆர்எக்ஸின் கதை மாறத் தொடங்கும். நான்கே கியர்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி பெரிது. இரண்டாவதுக்கு மாற்றியதும் ஆர்பிஎம் கணிசமாகச் சரிந்து, பவர் இருக்கும் இடத்தை விட்டுக் கீழே போய்விடும். திரும்ப ஏறி வருவதற்குள், ஆறு கியர் வண்டி சின்னச் சின்னப் படிகளாக ஏறிக் கடந்துவிடும்.

அப்புறம் காற்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் மட்டுமே சுமார் 6 குதிரைத்திறன் செலவாகும். ஆர்எக்ஸின் 11-இல் செயின், கியர் இழப்பு போக டயருக்கு வருவது 9 சொச்சம். மேலும் வேகமெடுக்க மிச்சம் 3 தான். ஆர்15-க்கு அதே வேகத்தில் சுமார் 10 மிச்சமிருக்கும். காற்றுக்குத் தேவைப்படும் பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், நூறை நெருங்கும்போது ஆர்எக்ஸிடம் எதுவும் மிஞ்சாது. அந்த வண்டி நூறுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவது இதனால்தான்.

பின்னால் ஒருவர் ஏறினாலும் இலகுவான வண்டிக்கே அடி அதிகம். 65 கிலோ கூடினால் ஆர்எக்ஸின் மொத்த எடை 39 சதவீதம் ஏறும். ஆர்15-இன் எடை 32 சதவீதம்தான்.

கிளம்பும் முறை

இது மூடிய தளத்துக்கான விளக்கம். சிக்னலில் ஏன் ஆகாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி லேசாக முன்னே உந்தும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்த ஹாஃப் கிளட்ச் புள்ளியில் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்காதீர்கள். அதற்கு ஒரு நூல் முன்னால், முழுக்க அமுக்காமல் காத்திருங்கள். ஆர்எக்ஸ் என்றால் முறுக்கு 4,500-லிருந்து 5,000 வரை, காதால்தான் கணக்கு. விளக்கு மாறியதும் கிளட்சை ஒரேயடியாக விடக் கூடாது. சுமார் ஒரு விநாடிக்குள் சீராக விட்டு, அதே வேகத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறக்க வேண்டும். இந்த ஒரு விநாடியில் இன்ஜின் 5,000-க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் அப்போதுதான் அசைகிறது. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தைக் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கி ஈடுகட்டுகின்றன. சட்டென்று விட்டால் ஆர்பிஎம் பள்ளத்தில் விழும், இன்ஜின் ‘போக்’ என்று அடங்கி எழும். அல்லது முன் சக்கரம் தூக்கும். ரொம்ப இழுத்து விட்டால் பிளேட் எரியும்.

உடலை முன்னே சாய்த்து டேங்கோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆர்எக்ஸின் வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கு இடைத்தூரம்) 1,240 மி.மீ.தான். எடை பின்னால் இருந்தால் முன் சக்கரம் எளிதில் இலகுவாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். கியர் மாற்றுவது இன்ஜின் சத்தம் கூர்மையாகி மேலே ஏறுவது நிற்கும் கணத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் கூடும், பவர் கூடாது.

புது வண்டிக்காரருக்கு: டாக்கோமீட்டரைப் பார்த்து 6,000–7,000-இல் கிளம்புங்கள். கியரை 9,500-க்குக் கீழே மாற்றாதீர்கள். உங்கள் வண்டி வாங்கியதற்கு உரிய பவர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியவை

முப்பது வருஷ வண்டியில் ‘பிக்கப் போச்சு’ என்றால் பலரும் உடனே சிலிண்டரைப் போர் அடித்து (உள்ளே கடைந்து பெரிதாக்கி) புது பிஸ்டன் போடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மலிவானவை.

கிளட்ச்: மூன்றாவது கியரில் மணிக்கு 40 கி.மீ. போகும்போது த்ராட்டிலை முழுக்கத் திறங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் லீவர் அடியில் 2–3 மி.மீ. ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் பிளேட்டுகள் முழுக்கச் சேராது. அப்புறம் கியர் ஆயில். கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயிலை ஊற்றினால் ஈரக் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற தரக் குறியீடு இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் மட்டுமே பிளேட், ஸ்பிரிங் செலவு. பிளேட் மாற்றும்போது ஸ்பிரிங்கை விட்டுவிடாதீர்கள். தளர்ந்த ஸ்பிரிங் புதுப் பிளேட்டையும் எரித்துவிடும்.

சைலன்சர்: டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கும் குழாய் இல்லை. அதன் வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. உள்ளே கரி அடைத்தால் வண்டி மூச்சுத் திணறும். கடைசியில் உள்ள பேஃபிள் குழாயைக் கழற்றிக் கரியை எரித்து எடுத்தாலே பழைய இழுவை திரும்பிவிடும். சத்தத்துக்காகப் பேஃபிளைத் தூக்கி எறிபவர்கள் இழப்பது முதல் இருபது மீட்டரை. கீழ் ஆர்பிஎம் இழுவை குறைந்து, ஊரைக் கூட்டும் சத்தம் மட்டும் மிஞ்சும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுவது இதைவிட மோசம். காற்று அதிகமாகி, பெட்ரோல் விகிதம் குறைந்து, கலவை மெலிந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது; சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு முன்னால் அறிகுறி உண்டு: பவர் திடீரென்று குறையும், இன்ஜினிலிருந்து தகரம் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும், யாரோ பின் பிரேக்கை மிதிப்பதுபோல வண்டி இழுபடும். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: கிளட்சை முழுக்கப் பிடிப்பது. யோசித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இதே திசையில்தான் வேலை செய்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டின் பழைய அளவில் கலவை இன்னும் மெலியும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் காப்பி நிறம் சரி. வெள்ளையாகச் சாம்பல் பூத்திருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும். கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அல்லது ஆயில் அதிகம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியானால் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பைலட் ஜெட்டின் துளை அடைத்துக்கொள்ளும். முறுக்கியதும் ஒரு கணம் தயங்கிவிட்டு எழும் வண்டிகளில் இது அடிக்கடி காணும் கோளாறு.

ஆயில்: டேங்கில் கலந்து ஊற்றுபவர் என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில். ஆயில் பம்ப் வேலை செய்யும் வண்டியில் கேபிள் குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். த்ராட்டில் கேபிளை மாற்றிவிட்டுப் பம்ப் கேபிளை மறந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. தொடர்ந்து வெள்ளைப் புகை வந்து கியர் ஆயில் அளவும் குறைந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். மேக்னட் பக்கத்து சீல் போனால் புகை வராது. வெளிக்காற்றை இழுத்துக் கலவையை மெலிய வைக்கும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கினால் அதைச் சந்தேகியுங்கள். சத்தமில்லாமல் பிஸ்டனைக் கொல்லும் கோளாறு இது.

ஸ்ப்ராக்கெட் மாற்றிப் பிக்கப் கூட்டுவது எளிய வழி, கணக்கும் நேரடியானது. முன்னால் 14 பல் உள்ள இடத்தில் 13 போட்டால் டயரின் இழுவை ஏழரை சதவீதம் போல ஏறும். உச்ச வேகம் ஏழு சதவீதம் போல இறங்கும். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். ஆர்எக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் வேகக் காட்டி பொய் சொல்லாது. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். கொக்கிபோல வளைந்த பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் நீண்டுவிடும். செயினின் தொய்வு நடுவில் 20–30 மி.மீ. இருக்கட்டும். தொய்வு அதிகமானால் கிளட்சை விடும் கணத்தில் முதலில் செயின் இறுகி, அப்புறம்தான் சக்கரம் நகரும். அந்த வெட்டில் ஹப் ரப்பரும் நைந்துபோகும்.

நிறுத்துவது

இந்தப் பழைய வண்டிகளின் மிகப் பெரிய குறை இங்கே இருக்கிறது. கிளம்புவதைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. ஆர்எக்ஸின் முன் பிரேக் 130 மி.மீ. டிரம். ஆர்15-இல் 282 மி.மீ. டிஸ்க், ஏபிஎஸ்ஸோடு. 60 கி.மீ. வேகத்தில் நல்ல டிஸ்க் வண்டி விநாடிக்கு 8 மீட்டர் வீதம் வேகம் குறைத்தால் 17 மீட்டரில் நிற்கும். டிரம் வண்டி 5 மீட்டர் வீதம் குறைத்தால் 28 மீட்டர் ஆகும். இரண்டுக்கும் முன்னால், மூளை விழித்துக் கை அமுக்க ஒரு விநாடி. அதிலேயே 17 மீட்டர் போய்விடும். முன்னால் போன புது வண்டி சட்டென்று நின்றால், துரத்தி வந்த பழைய வண்டி அதன் பின்னால் நிற்க வழியில்லை.

டிரம்மைத் திறந்து லைனரில் கண்ணாடிபோல மினுமினுப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். அமுக்கும்போது லீவர் கையில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. கேபிளில் எண்ணெய் விட்டு, லைனர் கேமில் கொஞ்சம் கிரீஸ் தடவினாலே பல வண்டிகளில் பிரேக் பாதி உயிர் பெறும்.

இனி சிக்னலுக்கு வருவோம். குறுக்குச் சாலையில் மஞ்சள் முடியும் நேரத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஒரு வேன் நுழைகிறது என்று வையுங்கள். 30 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க அதற்கு 2.7 விநாடி வேண்டும். உங்களுக்குப் பச்சை விழுந்த கணத்தில் அது நுழைந்திருந்தால், 2.7 விநாடியில் முன்பு சொன்ன வேகத்தில் கிளம்பிய வண்டி 11 மீட்டர் போயிருக்கும். கிட்டத்தட்ட சந்திப்பின் நடுப்பகுதிக்கு, வேன் இன்னும் முழுதாக வெளியேறியிராத நேரத்தில். மெதுவாகக் கிளம்புபவருக்கு வேன் கடந்துபோனது தெரியக்கூடத் தெரியாது. கவுண்டவுன் ஓடும் சிக்னல்களில் ‘1’ தெரியும்போதே கிளட்சை விடுபவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். எதிர்ப்பக்கத்து ஓட்டுநரும் அதே எண்ணைப் பார்த்து, கடைசி நொடியில் முறுக்கிக்கொண்டு வருவார்.

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முறையான இடம் நெடுங்காலமாகவே உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. 1990-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அங்கே நடந்த டிராக் போட்டிகளில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருந்திருக்கின்றன. ஆர்எக்ஸ் தன் வயதுக்காரர்களோடு ஓடலாம்.

அப்படி ஓட நினைப்பவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில. போட்டி அறிவிப்பில் உங்கள் வண்டியின் பிரிவையும், எந்த அளவு மாற்றங்களுக்கு அனுமதி என்பதையும் முதலில் படியுங்கள். முழு முகம் மூடும் ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ் வேண்டும். வண்டியில் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின் கண்ணாடிமேல் டேப் ஒட்டுங்கள். த்ராட்டிலைக் கையை எடுத்ததும் தானாக முழுக்க மூடிக்கொள்கிறதா என்று ஹேண்டிலை இருபக்கமும் திருப்பி வைத்துச் சோதியுங்கள். பழைய கேபிள்கள் ஒரு பக்கம் திரும்பும்போது இழுபட்டுத் திறந்தே நிற்பதுண்டு. புதிதாகப் போர் அடித்த இன்ஜின் என்றால் முதல் 500 கி.மீ. முழு த்ராட்டில் கொடுக்காமல் ஓட்டி முடித்திருக்க வேண்டும். சிலிண்டர் அடியிலோ கிளட்ச் கவர் ஓரத்திலோ ஆயில் கசிவு இருந்தால் அதற்கு முன்பே கேஸ்கெட் மாற்றிவிடுங்கள். ஒருவர் வண்டி சிந்திய ஆயில் அடுத்தவரின் பின் டயருக்கு அடியில்தான் வரும்.